வெள்ளானூரில் நஜ்மா பிடித்த கை

என் தங்கை நஜ்மா ஜெயித்தவை இவை. ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சல்: பிழைத்தாலும் புத்தி தேறாது என்று தெருவில் மூன்று பேர் அம்மாவிடம் சொன்னார்கள். அந்த மூன்று பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பிற்பாடு நஜ்மாதான் மெஹந்தி போட்டாள். 2019இல் பூந்தமல்லி மண்டபம் ஒன்றில் நடந்த மெஹந்திப் போட்டி: நாற்பத்தொரு பேர் கலந்துகொண்டதில் முதல் பரிசு. பரிசாக வந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது, ஜார் மட்டும் ஒருமுறை மாற்றினோம். மணப்பெண்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்: கை அரிக்கிறது என்று ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை. வெள்ளானூரில் ஒரு பெண்ணின் உயிர். அதற்குப் பிறகு ஒரு பொய்.

கடைசி இரண்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நான் தஸ்லீம். அவளைவிட ஆறு வயது மூத்தவள், பத்தாவது வரை படித்தவள். அத்தா பஷீருதீன் பூந்தமல்லி பஜாரில் மெத்தை தைக்கிறார். காய்ச்சலுக்குப் பிறகு எழுத்தைப் பார்த்தால் குதிக்கிறது என்று நஜ்மா அழுவாள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. மெஹந்திக் கோன் பிடித்த பிறகு யாரும் அவளை அழ வைக்கவில்லை. அவள் போடுவாள், நான் கூடப் போவேன். ஸ்கூட்டி ஓட்டுவது, முகவரி படிப்பது, கோன் கட்டுவது என் வேலை. கடையில் விற்கும், ரசாயனம் கலந்த கறுப்புக் கோனை நாங்கள் தொட மாட்டோம். இலைப்பொடி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீலகிரித் தைலம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை கரைத்ததும் முதலில் நஜ்மாவின் இடது மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, தேதியை நோட்டில் எழுதுவேன்.

மெஹந்தி போடுகிறவர்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். நஜ்மா கையைப் பார்ப்பாள். ஒருவர் கையை ஒரு மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தொழில் உலகத்தில் அதிகம் இல்லை. பயந்த பெண்ணின் கை ஜில்லென்று இருக்கும். சாப்பிடாமல் வந்தவளின் விரல் நடுங்கும். காய்ச்சல் கையில் அவள் போட மாட்டாள். வியர்வையில் கோடு இளகிவிடும், அவளுக்கு அது பிடிக்காது.

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. வெள்ளானூரில் நாள் வாடகைக்கு விடும் ஒரு வீடு, பின்பக்கம் நீச்சல் குளம். முகப்பேர் ஃப்ளாட்டுகளில் இருக்கும் ஒன்பது பிள்ளைகள், எல்லோரும் கல்லூரிக் கடைசி வருஷம். ரோஹித் என்ற பையனுக்குப் பிறந்தநாள். பெண்கள் நாலு பேருக்கும் மெஹந்தி வேண்டும் என்று நிவேதிதா என்ற பெண் போனில் பேசியிருந்தாள். ஒன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதலில் நிவேதிதா. அவள் கை முடிந்தபோது மூன்று பத்து. அடுத்து பவ்யா வந்து உட்கார்ந்தாள். இருபது வயது, ஒல்லியான பெண், வாயில் லாலிபாப்.

நஜ்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உடனே விட்டாள். மறுபடி பிடித்தாள்.

"காய்ச்சலா பாப்பா?"

"காய்ச்சலா? நான் செம்ம ஹாப்பியா இருக்கேன்க்கா. உங்க கை எவ்ளோ சாஃப்ட் தெரியுமா? நீங்க ரொம்ப நல்லவங்கக்கா."

"தெனம் பத்து பாத்திரம் தேய்க்கிற கைமா இது. உன் கைதான் கொதிக்குது. காலைல இன்னா சாப்ட்ட?"

பவ்யா சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள், லாலிபாப் நொறுங்கிற்று. பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது, இரண்டாவது பாட்டில் பாதியில் இருந்தது. நஜ்மா உள்ளங்கையில் ஒரு பூவும் நாலு இலையும் போட்டாள். முதல் இலை வியர்வையில் வழுக்கியது. நாலாவது இலை முடிவதற்குள் வியர்வை நின்றுவிட்டது, பூ காய்ந்து வெடித்தது. எங்கள் கலவை காய இருபது நிமிஷமாவது ஆகும். இது கோடைக்கால ஏரி மண் போல நாலே நிமிஷத்தில் வெடித்தது.

நிவேதிதா எட்டிப் பார்த்தாள். "பாருடி, இப்பவே செவக்குது. மாமியார் உன்ன கைல வெச்சுத் தாங்கப் போறாங்க."

"இவ மாமியாரா?" என்றான் ரோஹித். "மாத்திரை இல்லாமலே மாமியார மயங்க வெச்சுடுவா மச்சான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். நிவேதிதா அவன் காலை மிதித்தாள். நஜ்மா தலையைத் தூக்கினாள்.

"இன்னா மாத்திரை தம்பி?"

"தலவலி மாத்திரைக்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"வேலையத்தான் பாக்கறேன்." கோனின் நுனியில் குண்டூசியைச் செருகினாள். "இந்தக் கைல போட மாட்டேன். இந்தப் பொண்ண ஃபேனுக்குக் கீழ படுக்க வை."

பவ்யா படுக்கவில்லை. எழுந்து குளத்தோரம் வெயிலில் ஆடப் போய்விட்டாள். நஜ்மா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்து, "நீங்களும் ஆடுங்கக்கா" என்றாள். களைப்பே தெரியாமல் ஆடினாள். மூன்று ஐம்பதுக்கு வாந்தி எடுத்தாள், அப்படியே விழுந்தாள்.

ஏசி அறைக்குத் தூக்கி வந்தார்கள். கை கால் வெட்டி இழுத்தது. ஒரு பையன் போனைப் பார்த்து, "நிறைய தண்ணி குடுத்தா எறங்கிடும்னு போட்டிருக்கான்டா" என்று பாட்டிலை அவள் வாயில் வைத்தான். நஜ்மா பாட்டிலைப் பிடுங்கினாள்.

"நெனவு இல்லாதவ வாயில ஊத்தாத. நெஞ்சுக்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வை."

"ஒரு மணி நேரம் தூங்கினா சரியாயிடும்க்கா," என்றான் ரோஹித். "போன தடவையும் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆச்சு. ஹாஸ்பிடல் போனா போலீஸ் வரும். அவ அம்மா எங்களச் சும்மா விட மாட்டாங்க."

"அவங்க திட்டினா உனக்குக் காதுதான் வலிக்கும். வண்டிய எடு."

"அக்கா, உங்களுக்குப் புரியல."

"எனக்கு எழுத்துதான் புரியாது. இது புரியுது. எடு வண்டிய."

வாசலில் நின்ற அவன் காரிலேயே பவ்யாவை ஏற்றினோம், நிவேதிதாவும் ஏறிக்கொண்டாள். கை துடைக்க நாங்கள் கொண்டுபோன வெள்ளைத் துண்டுகள் நாலையும் நனைத்து, வழி முழுக்க நஜ்மா அந்தப் பெண்ணின் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாற்றி மாற்றி வைத்தாள். காய்ச்சலில் கிடந்தபோது அம்மா தனக்கு வைத்த இடங்கள் அவளுக்கு மறக்கவில்லை.

ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனை, நாலு இருபத்தைந்து. டூட்டி டாக்டர் ஓர் இளம் பெண். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதும் எங்களுக்கு முன்னால் நிவேதிதா பதில் சொன்னாள்.

"மெஹந்தி போட்டோம் டாக்டர். போட்ட கொஞ்ச நேரத்துல விழுந்துட்டா. அலர்ஜின்னு நினைக்கிறேன். இவங்கதான் போட்டாங்க."

அந்த நேரத்தில் அங்கே இருந்த அத்தனை முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. பவ்யாவின் விரலில் மாட்டிய ஆக்சிஜன் பார்க்கும் கருவி நகப் பூச்சால் ஒன்றும் காட்டவில்லை. நர்ஸ் அதைக் கழற்றிக் காதில் மாட்டும்போது எங்களை ஒரு பார்வை பார்த்தார். கறுப்புக் கோன் வைத்துக் கொப்பளம் வந்தவர்களை அவர் நிறைய பார்த்திருப்பார். டாக்டர் நர்ஸிடம் ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "கோன்ல என்ன கலக்கறீங்க?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுக்கப் போனேன். அதுதான் எனக்குத் தெரிந்தது. கோனைக் காப்பாற்ற வேண்டும், தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் என் புத்தி போயிற்று. நஜ்மா என் கையைத் தள்ளினாள்.

"நோட்டு அப்புறம் பாக்கலாம். டாக்டரம்மா, கோன் ஒத்துக்கலன்னா வெச்ச எடம் தடிக்கும், அரிக்கும். அவ உள்ளங்கையப் பாருங்க, சுத்தமா கீது. நான் கோன் வைக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கை கொதிச்சுது. ஏதோ மாத்திரை சாப்ட்டிருக்கா. இந்தத் தம்பிக்குத் தெரியும்."

"நாங்க எதுவும் சாப்பிடல டாக்டர்," என்றான் ரோஹித். "இவங்க தப்பிக்கறதுக்காகச் சொல்றாங்க."

அப்போது நஜ்மா செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மெஹந்தி போட உட்கார்ந்த வாடிக்கையாளரின் கையைப் பிடிப்பது போலவே ரோஹித்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நொடி பிடித்திருந்து, அதை டாக்டர் பக்கம் நீட்டினாள்.

"இவன் கைல நான் மெஹந்தி போடல. தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டார். அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவன் தாடையும் ஆடிக்கொண்டிருந்தது. நர்ஸ் எடுத்த ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அவனிடம் மெதுவாகப் பேசினார். "நான் போலீஸ் இல்ல. உன் ஃப்ரெண்ட் பொழைக்கணும்னா அவ எதைச் சாப்பிட்டா, எத்தனை, எப்போன்னு எனக்கு இப்போ தெரியணும். அவ்வளவுதான்."

ரோஹித் சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே ஊதா நிறத்தில் அரை மாத்திரை. பார்ட்டி மாத்திரை, ஆடுவதற்காகச் சாப்பிடுவது. பவ்யா பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்று போட்டாள், ஒன்றும் தெரியவில்லை என்று ஒன்றரைக்கு இன்னொன்று போட்டாள். அதைச் சொல்லிவிட்டு அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். அவனையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

பவ்யாவின் உடம்புச் சூடு நூற்று ஆறு டிகிரி. ஐஸ் வைத்தார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னதை அன்றே நோட்டில் எழுதிவைத்தேன். அந்த மாத்திரை உடம்புச் சூட்டை ஏற்றும், களைப்பையும் மறைக்கும், அதனால் பிள்ளைகள் விழும்வரை ஆடுவார்கள். உடம்பு தண்ணீரை வெளியே விடாது, அந்த நேரத்தில் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கும். இழுப்பு அதனால் வந்ததுதான். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. லேட்டாக வேலை செய்கிறது என்று இரண்டாவதைப் போடுகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

"அலர்ஜின்னு நம்பி அந்த ஊசியைப் போட்டிருந்தா, ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்த இதயம் இன்னும் வேகமா ஓடியிருக்கும். உங்க தங்கச்சி பேசலன்னா எனக்கு அரை மணி நேரம் போயிருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட அரை மணி நேரம் இல்ல," என்றார்.

நாலாம் நாள் பவ்யா கண் விழித்து அம்மாவைக் கேட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் நாளே யாரோ முகப்பேர் ஃப்ளாட்டுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வரும் மெஹந்திக்காரியால் ஒரு பெண் தீவிர சிகிச்சையில், உஷார். கூடவே நஜ்மாவின் படம். மே மாதத்துக்கு வந்திருந்த பதினாலு முகூர்த்தங்களில் பதினொன்று ரத்தாயிற்று. நஜ்மா ஒவ்வொருவர் போனையும் எடுத்து, "சரிங்கமா, நல்லா நடத்துங்க" என்று சொன்னாள். ஒருவரிடமும் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் மருத்துவமனை கொடுத்த தகவலின் பேரில் மாத்திரை விற்றவன் மேல் வழக்குப் பதிவாகி, அதில் நஜ்மா சாட்சியாகியிருந்தாள். மே 9ஆம் தேதி காலை ரோஹித்தின் மாமா கலியமூர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கையில் டைப் அடித்த தாள் ஒன்று.

"ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பொண்ணு வெயில்ல மயங்கிட்டான்னு ரெண்டு வரி. நீ கைநாட்டுதானே? இங்க ஒரு உருட்டு உருட்டிட்டா போதும். பசங்க வாழ்க்கை பாரு, படிக்கிற பசங்க."

நஜ்மா எல்லா இடத்திலும் கைநாட்டுதான். பேங்க், ரேஷன் கார்டு, எல்லாம். "அக்கா, படி," என்றாள். படித்தேன். உறையையோ மாத்திரையையோ தான் பார்க்கவில்லை. மெஹந்தி போட்டு முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உடம்பு சுட்டது. அப்படி எழுதியிருந்தது.

"இது நான் சொல்லல அண்ணாத்தே."

"யார் சொன்னா என்னம்மா, கைநாட்டுதானே."

"அதான். படிக்காதவ, எங்க வேணா உருட்டுவான்னு நெனச்சுகினு வந்துட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "உங்க பையன் சின்னப் பையன். அவனத் திட்டிக்கூட நான் பேசல. ஆனா அந்த மாத்திர இன்னொரு ஊட்டுப் பொண்ணு கைக்கும் போவும். டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் டீ குடிக்காமல் போனார். நஜ்மா என் பக்கம் திரும்பி, "எனக்குப் படிக்கக் கத்துக் குடு" என்றாள்.

பேரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டால் போதுமே என்றேன். மணப்பெண், மாப்பிள்ளை பேர்களையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்துக் கோனால் வரைகிறவளுக்கு அவள் பேர் அஞ்சு நிமிஷ வேலை.

"பேர் வரைய எனக்குத் தெரியும். மேல இன்னா எழுதிகீதுனு தெரியாம கீழ பேர் போட்டா, அதுக்கும் உருட்டறதுக்கும் இன்னா வித்தியாசம்?"

தினமும் விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம். அவள் போனில் இருந்த மணப்பெண்களின் கைப் படங்களே எங்களுக்குப் பாடப் புத்தகம். எல்லா எழுத்தையும் அவள் கை ஏற்கெனவே வரைந்திருந்தது. சத்தம் மட்டும்தான் சேர வேண்டும். எழுத்து இப்போதும் குதித்தது. விரலை ஒவ்வொன்றின் கீழும் அழுத்தி வைத்து, அது அடங்கும்வரை காத்திருந்து படித்தாள். சில நாள் தலைவலியில் வாந்தி எடுத்தாள். மூன்றாம் வாரம் பஸ் ஸ்டாண்டில் பூந்தமல்லியின் முழுப் பேர் எழுதிய போர்டைப் படித்துவிட்டு, "நம்ம ஊரு பேரு இவ்ளோ நீளமா?" என்று கேட்டாள்.

ஜூன் முதல் வாரம் பவ்யாவும் அவள் அம்மா சுலோசனாவும் வந்தார்கள். சுலோசனா அம்மாள் அழுதார். நன்றி சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி, கோர்ட்டில் தன் பெண்ணின் பேரைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். நாளைக்கு ஒரு வரன் வந்தால் என்ன சொல்வது. நஜ்மா என்னைப் பார்த்தாள். பவ்யாதான் பேசினாள். பேச்சு இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.

"சொல்லுங்கக்கா. நிறைய தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சுகிட்டு இருந்தோம். இன்னும் நெனச்சுகிட்டு இருக்காங்க."

மறுநாள் சுலோசனா அம்மாளே அந்த வாட்ஸ்அப் குழுக்களில் எழுதினார். என் மகள் விழுந்தது மாத்திரையால், மெஹந்தியால் அல்ல. அவளைக் காப்பாற்றியது அந்த மெஹந்திப் பெண். ஒரு தாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

சம்மனில் சொன்ன நாளில் மாஜிஸ்திரேட் முன்னால் நஜ்மா சாட்சி சொன்னாள். உள்ளே அவளை மட்டும்தான் விட்டார்கள்; அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். டைப் செய்கிறவர் ஒன்றரைப் பக்கத் தாளை நீட்டி, மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். நஜ்மா மைப்பெட்டியை மூடினாள். "நானே படிக்கறேங்கய்யா. நேரமாவும்." மாஜிஸ்திரேட் சரி என்றார். அவள் விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தாள். இருபத்தைந்து நிமிஷம். யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க 'மெஹந்தி போட்ட பிறகு கை சூடாக இருந்தது'ன்னு கீது. நான் சொன்னது முன்னாடி. போடறதுக்கு முன்னாடி."

டைப் செய்தவர் தன் குறிப்பைப் பார்த்தார். கை தவறியிருந்தது. அந்த ஒரு வார்த்தை அப்படியே போயிருந்தால் மாத்திரை தப்பித்திருக்கும், கோன் மாட்டியிருக்கும். பக்கத்தைத் திருத்தி மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். நஜ்மா அதையும் முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, கோனைப் பிடிக்கிற மாதிரியே பிடித்து, இரண்டு பக்கத்தின் அடியிலும் தன் பேரை எழுதினாள்.

அன்று 2024 ஜூன் 13, வியாழக்கிழமை.